மூன்றாவது அட்டை

அலுவலகத்தில் அவளுக்கு நிதானம் என்று பெயர். வைத்தது அவளுடைய அத்தான்தான். அக்காவின் புருஷன், அந்த நிறுவனத்தின் மேலாளரும் அவரே. "ஊரே பத்தி எரிஞ்சாலும் இவ வாளிய ரொப்பி, கைப்பிடியத் தொடச்சிட்டுத்தான் தூக்குவா" என்று அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தார். பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் மனத்தாங்கல் இல்லை. அவள் பார்த்த வேலைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

நாம் போனில் வங்கியைத் திறக்கிறோம். மறுமுனையில் எங்கோ இருக்கிற ஒரு சர்வர் "நான்தான் உன் வங்கி" என்கிறது. சொல்வதற்கென்ன, நரிகூடச் சொல்லும். வழியில் யாரும் ஒட்டுக்கேட்காதபடி பேச்சைப் பூட்டிவிடலாம். ஆனால் பூட்டின அறைக்குள் நம்மோடு உட்கார்ந்திருப்பவனே திருடன் என்றால் அந்தப் பூட்டு யாருக்குக் காவல்? ஆகவே, "விசாரித்துவிட்டேன், இது அந்த வங்கியின் சர்வரேதான்" என்று மூன்றாவதாக ஒருவர் கையெழுத்துப் போட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அவளுடைய நிறுவனத்துக்கு அதுதான் தொழில். உலகத்துப் பிரவுசர்கள் எல்லாம் அவர்கள் கையெழுத்தை நம்பின. கையெழுத்து இல்லாத சர்வர் எதிரே வந்தால் திரை சிவந்து, "போகாதே" என்று கத்தும்.

கேட்டு வருகிறவர்களை விசாரிப்பது நிதானத்தின் பொறுப்பு. ஒருமுறை ஒரு செருப்புக் கடைக்காரரிடம், அந்தப் பெயரில் உள்ள பக்கம் அவருடையதுதானா என்று அவள் விடாமல் நச்சரித்ததைப் பார்த்து, பக்கத்து மேசைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "செருப்புக் கடைக்கா இது? பொண்ணு குடுக்கப் போற மாதிரி விசாரிக்கிறியேம்மா!" அவருக்குத் தும்மல் என்று பெயர். ஓய்வு பெறும் வயது. குளிர் கொஞ்சம் பட்டாலும் வரிசையாகத் தும்மித் தள்ளுவார்.

நிறுவனத்தின் தலைமைச் சாவி, எல்லாக் கையெழுத்துக்கும் மூலமான கையெழுத்து, உள் அறையில் இரும்புப் பெட்டிக்குள் ஓர் எந்திரத்தில் உறங்கியது. எப்போதாவதுதான் அதை எழுப்புவார்கள். எழுப்ப மூன்று பேர் மூன்று அட்டைகளைச் செருகி, அவரவர் ரகசிய எண்ணைத் தட்ட வேண்டும். ஒன்று அத்தானிடம், ஒன்று தும்மலிடம். மூன்றாவது அட்டை அவளிடம் இருந்தது.

வீட்டில் அவள் புருஷன் காலை நீட்டிக் கிடந்தான். கிரேன் ஓட்டுகிறவன். தளத்தில் இரும்பு உத்தரம் ஒன்று சரிந்து முழங்காலுக்குக் கீழே நசுக்கிவிட்டது. போதாக்குறைக்குச் சர்க்கரை வேறு. புண் ஆறுவேனா என்று அடம்பிடித்தது. எதிர்வீட்டு நர்ஸ், பெரிய மருத்துவமனையில் குழந்தைகள் வார்டில் இருப்பவள், வேலை முடிந்து வரும் வழியில் தினமும் வந்து கட்டு மாற்றிவிட்டுப் போவாள். அவள் விரல் பட்டால் வலியே தெரியவில்லை என்பான் இவன். "அப்ப நான் கட்டினா மட்டும் ஏன் ஊர் கூடற மாதிரி கத்தறீங்க?" என்பாள் நிதானம்.

ஒரு நாள் பஞ்சை நனைத்துக்கொண்டே நர்ஸ் கேட்டாள்.

"அக்கா, மெயில்ல எழுதறத நடுவுல யாராவது படிக்க முடியுமா?"

"யாருக்கு எழுதற?"

"பேப்பர்காரர் ஒருத்தருக்கு." குரலைத் தணித்தாள். "எங்க வார்டுல குழந்தைங்க வரிசையாப் போகுதுக்கா. காய்ச்சல்னு வருது, சலைன் ஏத்தறோம், மறுநாள் இல்ல. பாட்டில்லதான் ஏதோ கோளாறு. சொன்னா, வாய மூடிக்கிட்டு வேலையப் பாருங்கறாங்க."

நிதானம் வழக்கம்போல யோசித்துத்தான் பதில் சொன்னாள். "பேர் சரியா இருக்கான்னு பாரு, பூட்டு இருக்கான்னு பாரு. ரெண்டும் இருந்தா அந்தப் பக்கம் மெயில்காரங்கதான். எவனாவது நடுவுல புகுந்து நான்தான் மெயில்னு சொன்னா, உன் போனே சிவப்பாக் காட்டிக் குடுத்துடும். அவனுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட யாரும் இல்ல பாரு."

"அவ சொன்னா சரியாத்தான் இருக்கும் சிஸ்டர்" என்றான் புருஷன். "என்னையே மூணு வருஷம் விசாரிச்சுட்டுத்தான் கட்டிக்கிட்டா."

நர்ஸ் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒரு மதியம் அத்தான் அவள் மேசைக்கு வந்தார். "அட்டைய எடுத்துக்கிட்டு உள்ள வா. ஒரு சின்ன வேலை."

உள் அறையில் குளிர் எலும்பைத் தொட்டது. தும்மல் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு தயாராக நின்றார். நிதானம் கூரையைப் பார்த்தாள். அறையில் நடப்பதையெல்லாம் பதிவு செய்ய வேண்டிய கேமராவில் விளக்கு எரியவில்லை.

"கேமரா ஓடலயே அத்தான்."

"ரிப்பேர். ஆளுக்குச் சொல்லியாச்சு."

திரையில் இருந்த விண்ணப்பத்தைப் படித்தாள். ஏதோ ஓர் அலுவலகத்தின் உள் வலையமைப்புக்கு என்று இருந்தது. கீழே படிக்கப் படிக்க அவளுக்குள் என்னவோ இடறியது.

"இது ஒரு சர்வருக்குக் குடுக்கற சான்றிதழ் இல்லையே அத்தான். இத வாங்கறவங்க, அவங்களே யார் பேர்ல வேணும்னாலும் சான்றிதழ் குடுக்கலாம்னு இருக்கே?"

"அவங்க ஆபீஸுக்குள்ள இருக்கற மெஷினுக்கு மட்டும் குடுத்துக்குவாங்க."

"அப்ப அந்தப் பேருக்கு மட்டும்தான்னு எல்லை போடணும். போடலயே."

"அவசரம்னாங்க. அடுத்த தடவை போட்டுக்கலாம்."

"யாரு கேட்டது?"

"பெரிய இடம்" என்றார் அத்தான். பிறகு அவளைப் பார்க்காமல், "எல்லாத்தையும் குடைஞ்சுக்கிட்டே இருக்காத. நான் சொல்றேன்ல?" என்றார்.

வேறு யாராக இருந்தாலும், அந்தச் செருப்புக் கடைக்காரராகவே இருந்தாலும், வாசலோடு அனுப்பியிருப்பாள். இவர் அத்தான். அப்பா இல்லாத வீட்டுக்கு மூத்த மாப்பிள்ளையாக வந்து, இவளைப் படிக்கவைத்து வேலையும் கொடுத்தவர். புருஷனின் கால் நசுங்கிய அன்று, இவள் போய்ச் சேருவதற்குள் ரத்தம் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடக்கியபடி ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று வளர்ந்தவள் அவள்.

"சீக்கிரம் முடிங்கப்பா, மூக்கு ஊத்துது" என்றார் தும்மல்.

அத்தான் செருகினார். தும்மல் செருகினார். நிதானம் தன் அட்டையைச் செருகி, எண்ணைத் தட்டினாள். எந்திரம் ஒரு கணம் முனகிவிட்டு அடங்கியது. அவ்வளவுதான்.

சில வாரங்கள் கழித்து, ஒரு நாள் கட்டு மாற்ற நர்ஸ் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நிதானம் தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போனாள். நர்ஸின் அம்மா கதவைத் திறந்தவர், உள்ளே வா என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கூட்டிட்டுப் போயிட்டாங்கம்மா. விசாரிச்சுட்டு விட்டுடறோம்னாங்க. எங்கன்னு கேட்டா சொல்லல."

"எதுக்காம்?"

"மெயில் எழுதினாளாம், ஆஸ்பத்திரியப் பத்தி." அந்த அம்மாவின் வாய் கோணியது. "'குழந்தையோட கை என் விரலப் புடிச்சபடியே சில்லுன்னு ஆயிடுச்சு'ன்னு எழுதியிருக்கா. அத ஒருத்தன் என் கட்டில்ல உக்காந்து, நாடக வசனம் மாதிரி ராகம் போட்டுப் படிச்சான். கூட வந்தவன் சிரிச்சான்."

"அவ போன வாங்கித் தொறந்து பாத்தாங்களா?"

"இல்லம்மா. வரும்போதே பேப்பர்ல அச்சடிச்சு எடுத்துட்டு வந்தாங்க. அந்தப் பேப்பர்காரரையும் அதே நேரத்துல தூக்கிட்டாங்களாம்."

நிதானம் வீட்டுக்குத் திரும்பினாள். எழுதியவள் காட்டவில்லை. வாங்கியவரும் காட்டவில்லை, அவரே உள்ளே இருக்கிறார். மெயில்காரர்கள் இருப்பது வேறு தேசத்தில், கேட்டதும் தூக்கிக் கொடுக்கிறவர்கள் இல்லை. அப்படியென்றால் நடுவில். நடுவில் வர முடியாதே என்று சொல்லிக்கொண்டே லேப்டாப்பை எடுத்து மெயில் பக்கத்தைத் திறந்தாள். பெயர் சரியாக இருந்தது. பூட்டும் இருந்தது. ஒரு மூலையிலும் சிவப்பு இல்லை. பூட்டின் மேல் அழுத்தி, இந்தச் சர்வருக்குச் சாட்சி சொன்னது யார் என்று பார்த்தாள்.

அட்டை செருகிய அன்று உள் அறைத் திரையில் படித்த அந்த அலுவலகத்தின் பெயர் இருந்தது. அந்த அலுவலகத்துக்குச் சாட்சி யார் என்று அதற்கும் மேலே பார்த்தாள். அவளுடைய நிறுவனத்தின் பெயர்.

மூடினாள். திரும்பத் திறந்தாள். அதேதான். ஊர் மொத்தத்தின் பேச்சும் போகிற பாதையில் யாரோ ஒரு பெட்டியை வைத்திருக்கிறார்கள். அது இவளிடம் "நான்தான் மெயில்" என்றும், மெயிலிடம் "நான்தான் அவள்" என்றும் சொல்லி, இரண்டு பக்கமும் கை நீட்டி வாங்கி, பிரித்துப் படித்து, ஒட்டி அனுப்புகிறது. இவள் போனும் கத்தவில்லை, நர்ஸின் போனும் கத்தவில்லை. ஏன் கத்த வேண்டும்? சாட்சிக் கையெழுத்து முறைப்படி இருந்ததே.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி வேர்த்திருக்கு?" என்றான் புருஷன்.

"ஒண்ணுமில்ல. கால நீட்டுங்க, கட்டு மாத்தணும்."

மாற்றினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தான். புண்ணின் ஓரம் கறுக்கத் தொடங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். அதற்கப்புறம், திரையில் கண்ட அந்தச் சான்றிதழை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா மேசையில் விரித்து அத்தானின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் பனியனோடு நாற்காலியில் இருந்தார். நிதானம் லேப்டாப்பைத் திறந்து அவர் மடியில் வைத்தாள். அவர் பார்த்தார். பார்த்துவிட்டு மெல்ல மூடினார். அவர் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் அவளை அடித்தது.

"தெரியுமா உங்களுக்கு?"

"பாதி தெரியும். மீதிய நான் கேக்கல."

"எதிர்வீட்டுப் பொண்ணத் தூக்கிட்டாங்க அத்தான். என் புருஷன் கால் அவ கையிலதான் இருக்கு. நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன்."

"நான் என்ன பண்ணட்டும்? மாட்டேன்னா லைசென்ஸ ரத்து பண்ணிடுவோம்னாங்க. அதோட நிறுத்தல, பையன் எந்த வழியா காலேஜுக்குப் போறான்னு தெருப் பேரோட சொன்னாங்க. நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?"

அவள் லேப்டாப்பை அவர் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "இன்னிக்கே மூணு பேரும் உக்காந்து அந்தச் சான்றிதழ ரத்து பண்ணிடலாம். நம்ம தப்புன்னு ஊருக்குச் சொல்லிடலாம்."

"சொல்லிட்டு? நாப்பது குடும்பம் நடுத்தெருவுல நிக்கட்டுமா?"

"எத்தன பேரோட மெயில அவன் படிச்சுக்கிட்டு இருக்கான் அத்தான்!"

"என்னடி குரல் ஏறுது அவர்கிட்ட?" என்று அக்கா திரும்பினாள். சட்டையின் மேலேயே இஸ்திரிப் பெட்டி இருந்தது. துணி கருகுகிற வாடை வந்தபிறகுதான் எடுத்தாள்.

அத்தான் எழுந்து நிதானத்தின் தோளில் கை வைத்தார். "ரெண்டு நாள் குடு. நானே பேசி முடிக்கிறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடாத."

அவள் மூச்சு விடவில்லை. இரண்டு நாள் என்பது ஒரு வாரம் ஆயிற்று. கேட்டால் "பாக்கலாம்" என்றார், பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொள்ளத் தொடங்கினார். அந்த வாரம் அதே ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கூடத்து ஆள் ஒருவனையும் வீட்டிலிருந்து அழைத்துப் போனார்கள். அவனும் மெயில் எழுதினானாம். கல்யாணம் ஆகி மூன்று மாதமாம். தெருவில் அதைப் பேசிக்கொண்டு நின்றவர்களிடையே புகுந்து வீட்டுக்கு வந்தவள், கதவைத் தாழிட்டாள்.

பிரவுசர் செய்கிறவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, பிரதி எடுத்த சான்றிதழைக் கூடவே இணைத்தாள். அவளை யாரும் நம்ப வேண்டியதே இல்லை. அந்தக் கையெழுத்து போலி என்று நிறுவனத்தாலேயே சொல்ல முடியாது, அது அசல். கடைசியில் ஒரு வரி சேர்த்தாள்: இதற்குப் போடப்பட்ட மூன்று அட்டைகளில் ஒன்று என்னுடையது. தன் பெயரையும் போட்டாள். அனுப்புவதற்கு முன், எந்த வழியாக அனுப்புவது என்று நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். இங்கிருந்து எதை அனுப்பினாலும் அந்தப் பெட்டி பிரித்துப் படிக்கும். கடைசியில், தளத்தில் புருஷனோடு வேலை பார்த்தவனின் தங்கை ஒருத்தி வெளிதேசத்துக்குப் பயணம் போகிறாள் என்று தெரிந்து, அவள் கையில் கொடுத்தனுப்பினாள்.

அதன்பின் நடந்தது எல்லாம் வேகம். பிரவுசர்காரர்கள் அவள் கடிதத்தைக் காட்டி நிறுவனத்திடம் விளக்கம் கேட்டார்கள். விளக்கம் வரவில்லை. இனி இவர்கள் கையெழுத்தை நம்பமாட்டோம் என்று அறிவித்து, பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள். ஒரு காலைப்பொழுதில் ஊரில் பாதிப் பக்கங்கள் சிவந்தன. பள்ளிக்கூடம், பஸ் டிக்கெட், மருந்துக் கடை, ஒரு பாவமும் அறியாத அந்தச் செருப்புக் கடை. மாத முடிவில் அலுவலகத்தைப் பூட்டினார்கள். வெளியே வந்தவர்கள் ஆளுக்கொரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நிதானத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தும்மல் மட்டும் நின்றார்.

"எனக்கு இன்னும் ஒரு வருஷம்தான் இருந்தது. வயித்துல அடிச்சுட்டியேம்மா" என்றார். கோபம்கூட இல்லை அந்தக் குரலில்.

அத்தானைக் கைது செய்தார்கள். மேலாளர் தன் சொந்த லாபத்துக்காகச் செய்த மோசடி, யாருடைய மெயிலையும் யாரும் படிக்கவில்லை என்று அறிக்கை வந்தது. யாரும் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு, படித்ததைக் காட்டி வழக்கு நடத்த முடியாதே. ஆகவே நர்ஸையும் மற்றவர்களையும் சத்தமில்லாமல் வெளியே விட்டார்கள். குழந்தைகள் வார்டைப் பற்றி அப்புறம் யாரும் எழுதவில்லை.

அதற்குள் நிதானத்தின் புருஷனுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டிருந்தார்கள்.

நர்ஸ் வந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டு எதிர்வீட்டுக்குப் போனாள். நர்ஸ் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. நடுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. நிதானம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கேமராவை, எல்லை போடாத விண்ணப்பத்தை, அட்டையைச் செருகியதை, பிறகு எழுதி அனுப்பியதை. எதையும் தனக்குச் சாதகமாக வளைக்கவில்லை. நர்ஸ் திரும்பவே இல்லை.

அவள் அம்மாதான் பேசினார். "உன்னாலதான் உள்ள போனா. உன்னாலதான் வெளிய வந்தா. ரெண்டுக்கும் சேத்து நான் உன்ன என்னன்னு சொல்றது? போயிட்டு வாம்மா."

அந்த மாதமே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று தெருவில் யாருக்கும் தெரியவில்லை.

அத்தானின் வழக்கில் நிதானத்தை அரசுத் தரப்புச் சாட்சியாக அழைத்தார்கள். கூண்டில் ஏறியதும் அக்காவைத் தேடினாள். பின்வரிசையில், மகனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அத்தான் இளைத்துப் போயிருந்தார். சட்டைக் காலருக்குள் கழுத்து ஆடியது.

அரசு வக்கீல் இதமாகத்தான் பேசினார். "அந்த அறையில நீங்க மூணு பேரத் தவிர வேற யாராவது இருந்தாங்களா?"

"இல்லங்க."

"அட்டையப் போடச் சொன்னது யாரு?"

"அத்தான். ஆனா அவர் தானாச் செய்யல. பெரிய இடத்துல கேட்டாங்கன்னு சொன்னார்."

"அந்தப் பெரிய இடத்த நீங்க பாத்தீங்களா?"

"இல்ல."

"பேர் தெரியுமா?"

"தெரியாது. ஆனா..."

"பாத்ததையும் நேரடியாத் தெரிஞ்சதையும் மட்டும் சொன்னாப் போதும்மா." நீதிபதி ஏதோ சொல்ல, தட்டச்சுக்காரர் 'தெரியாது' என்பதை மட்டும் தட்டச்சு செய்தார். அத்தானின் வக்கீல் எழுந்து, தனக்குக் கேள்வி எதுவும் இல்லை என்றார். நிதானம் அத்தானைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையை ஆட்டினார், பேசாதே என்பதுபோல. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மொத்தமாகப் பார்த்தால் அதில் உண்மையும் இல்லை.

வராந்தாவில் அக்கா எதிரே வந்தாள். "கேட்டவங்க பேர அவர் சொல்லமாட்டார். சொன்னா உள்ள இருக்கறவர் உசிரோட வெளிய வரமாட்டார், வெளிய இருக்கற என் புள்ளையும் வீட்டுக்கு வரமாட்டான். இது உனக்குத் தெரியாதா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சும் அங்க ஏறி நின்ன."

"வராம இருக்க முடியாதுக்கா. சம்மன் வந்தது."

"அதச் சொல்லல. வெளிதேசத்துக்கு எழுதினியே, அதச் சொல்றேன்" என்றாள் அக்கா. நிதானம் அவள் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா கையை உதறவில்லை, ஆனால் அது பிடிபடாமல் நழுவிக்கொண்டு போனது. மகன் திரும்பிப் பார்த்துக்கொண்டே அவளோடு படியிறங்கினான்.

அத்தானுக்கு ஏழு வருஷம் கொடுத்தார்கள். தும்மலை எச்சரித்து விட்டார்கள். நிதானத்தின் ஒத்துழைப்பைத் தீர்ப்பில் பாராட்டியிருந்தார்கள். அந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, அதை யார் வாங்கினார்கள், இப்போது அது என்ன செய்கிறது என்று ஒரு வரியும் இல்லை.

தீர்ப்பு நாளன்று புருஷனும் வந்திருந்தான், வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல். திரும்பும் பஸ்ஸில் கூட்டம். யாரோ எழுந்து அவனுக்கு இடம் கொடுத்தார்கள். நிதானம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவனுடைய ஊன்றுகோல்கள் இரண்டையும் மார்போடு அணைத்தபடி நின்றாள். பக்கத்தில் நின்ற பெண் போனில் மும்முரமாக யாருக்கோ எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். திரையின் மூலையில் பூட்டு இருந்தது. நிதானம் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.